நிறுத்தத் தெரிந்தவரே ஓட்டுநர்

(எறையூரில் நிகழ்ந்த விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் சாலையைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மில் பலர் விழுப்புரம், திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலிருந்து காரிலும் வேனிலும் இங்கு வந்திருக்கிறோம். உள்ளூர் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் வந்திருக்கிறார்கள். இருட்டிய பிறகே எல்லோரும் வீடு திரும்பப் போகிறோம். ஆகவே இப்பொருள் இன்றிரவுக்கே உரியது.

எறையூர்ச் சாலையின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். இவ்வூரில் பொதுத்துறையைச் சேர்ந்த பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் இரவு பகலாக ஊர்ந்து வருகின்றன. 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டது. தொழிலாளர் போக்குவரத்தும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அருகில் திருச்சி – சென்னைத் தேசிய நெடுஞ்சாலை விரைகிறது. அரியலூர்ப் பக்கம் சென்றாலோ சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள். மணிக்கு இருபது கிலோமீட்டரில் செல்லும் வண்டியும் எண்பதில் செல்லும் வண்டியும் ஒரே பாதையில் செல்கின்றன. இந்த வேக வேறுபாடே நம் பகுதியின் பெரிய ஆபத்து.

இதற்கு நாம் பெறும் ஓட்டுநர் கல்வி போதுமா? இருசக்கர வண்டிக்கு உரிமம் பெற விரும்புபவர் பழகுநர் உரிமம் பெறுகிறார், முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குச் செல்கிறார், காலை ஊன்றாமல் 'எட்டு' போட்டுக் காட்டுகிறார், உரிமம் பெறுகிறார். எட்டுப் போடுவது வண்டியைச் சாயாமல் நடத்தும் திறமையைக் காட்டும். இருட்டில் எதிரே வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும்போது என்ன செய்வது, முன்னே நிற்பது நிழலா டிராக்டரா என்று எப்படி அறிவது என்பவற்றை அது காட்டாது. எழுத்தறிவித்தவுடன் கல்வி முடிந்துவிட்டதாக எந்த ஆசிரியரும் கருதுவதில்லை. உரிமமும் எழுத்தறிவைப் போன்றதே. கல்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கை கால்கள் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின்னும் வண்டி இருபது மீட்டருக்கு மேல் ஓடியே நிற்கும். இனி, விளக்கில்லாத கரும்பு டிராக்டர் ஒன்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் முன்னே செல்கிறது. பின்னால் வரும் இளைஞரின் வேகம் எழுபது. நாற்பது மீட்டர் தொலைவில்தான் அது அவர் கண்ணுக்குப் புலப்படுகிறது என்று கொள்வோம். மோதலுக்கு மூன்று நொடிகூட இல்லை. அதில் பாதி, கண்டு உணர்வதிலேயே கழிந்துவிடும். அவர் தீயவர் அல்லர். வண்டி ஓட்டத் தெரியாதவரும் அல்லர். தம் விளக்கு காட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் வந்தார் என்பதே அவர் பிழை.

நம் முனிவர்கள் நடக்கும்போது கைக்கொள்ளும் ஈர்யா சமிதி இங்கே நினைவுக்கு வருகிறது. நான்கு முழத் தொலைவு முன்னோக்கிப் பார்த்து, உயிர்களுக்கு ஊறு நேராமல் அடியெடுத்து வைப்பது அவ்வொழுக்கம். நடப்பவருக்கு நான்கு முழம் போதும். அந்தத் தொலைவுக்குள் அவரால் நின்றுவிட முடியும். வண்டியில் ஏறியவருக்கு அதே நெறி ஐம்பது மீட்டராகவும் நூறு மீட்டராகவும் நீள்கிறது. பார்க்க முடிந்த தொலைவுக்குள் நிற்க முடிந்த வேகமே சரியான வேகம்.

விரைந்து வீடு சேரும் ஆவல் இன்று தோன்றியதன்று. அகநானூற்றின் முல்லைப் பாட்டு ஒன்றில், பிரிந்த தலைவியைக் காண விரையும் தலைவனின் தேர் வருகிறது. மணியோசை கேட்டுப் பூவில் தேன் உண்ணும் வண்டுகள் கலங்கும் என்று அஞ்சி, அவன் மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். அவசரம் அவனுக்கும் உண்டு. ஆயினும் வழியிலுள்ள சிற்றுயிர் அவன் நினைவிலிருந்து நீங்கவில்லை.

அந்த நினைவு நீங்கினால் விளைவது என்ன? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் நேர்ந்த இறப்புகளில் பத்தில் ஏழு மிகை வேகத்தோடு தொடர்புடையவை. தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் அமரும் இடம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்பது சட்டம்.

பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பதினைந்து வயதானதும் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி மகிழும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. கன்றின்மேல் தேரேற்றிய மகனைத் தண்டித்த சோழன் கதையை நாம் பெருமையுடன் சொல்கிறோம். இன்றைய சட்டமோ தந்தையையே முதலில் கேட்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சாவியைக் கொடுப்பது பாசம் என்று எண்ணுகிறோம். காத்திருக்கச் சொல்வதும் பாசமே.

பதினெட்டு நிறைந்து உரிமம் பெற்ற பின்னும் முதல் ஆண்டு பயிற்சிக் காலமே. நியூசிலாந்து 1987இல் உரிமத்தைப் படிப்படியாக வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே புதிய ஓட்டுநர் குறிப்பிட்ட காலம் வரை நள்ளிரவில் தனியே ஓட்டக் கூடாது; நண்பர்களை ஏற்றிக்கொண்டு செல்லவும் கூடாது. நம் நாட்டுச் சட்டத்தில் இது இல்லாவிட்டாலும் நம் வீட்டுச் சட்டமாக இதை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. முதல் ஓராண்டு இரவில் நெடுஞ்சாலை வேண்டாம். ஒரே வண்டியில் மூவர் வேண்டாம். ஓட்டும்போது கைப்பேசி வேண்டாம் என்று தந்தையும் மகளும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். அம்முடிவைத் தந்தையும் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளைகள் சொல்லைவிடச் செயலையே பார்த்துக் கற்கிறார்கள்.

மெதுவாகச் செல்பவருக்கும் கடமை உண்டு. கரும்பு விளைவிக்கும் அன்பர்கள், டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டைகள் தூசி படியாமல் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு நடையும் பார்த்தனுப்புங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அப்பட்டையை மறைத்துவிடும். பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் வெறும் கல்லை வைத்துவிட்டுப் போகாதீர்கள். வண்டி அகன்ற பின் அந்தக் கல்லே அடுத்தவருக்கு எமனாகும்.

விபத்தைக் கண்டால் ஒதுங்கிச் செல்ல வேண்டா. 108 எண்ணை அழையுங்கள். உதவி செய்தவரைத் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கிறது. செலவுக்கு அஞ்சி ஓர் உயிரைச் சாலையில் விட்டுவிட வேண்டியதில்லை.

இன்றிரவு புறப்படும் முன் மூன்று செயல்கள் செய்யுங்கள். முன்விளக்கையும் பின்விளக்கையும் துடைத்துப் பாருங்கள். பின்னிருக்கையில் அமர்பவர்களும் சீட்பெல்ட்டோ தலைக்கவசமோ அணிந்தார்களா என்று கேளுங்கள். காலையிலிருந்து உறங்காதவர் எவராயினும் அவர் கையில் சாவி வேண்டாம்; உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் இங்கேயே ஓய்வெடுத்துப் புறப்படட்டும். அரை மணி தாமதமாக வந்தவரை வீடு வரவேற்கும். வராமலே போனவரை எண்ணி அது வாழ்நாள் முழுதும் வாசலைப் பார்த்திருக்கும்.

அனைவரும் நலமுடன் வீடு சேருங்கள். அடுத்த ஆண்டும் இவ்விழாவில் ஒருவர் குறையாமல் கூடுவோம்.