ஐந்து பேர், ஒரு பாடம்: எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவு



எம்.சி. ராஜாவைச் சென்னைச் சட்டமன்றத்தில் ஒலித்த ஆதிதிராவிடக் குரலாக நாம் அறிவோம். 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பெயர்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று அரசு எழுத வேண்டும் என அவர் கொண்டுவந்த தீர்மானத்தை நினைவுகூர்கிறோம். அவர் ஆசிரியராக இருந்தவர் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை. அவர் பெயரால் நடக்கும் இந்தக் கூட்டத்தில் வகுப்பறையைப் பற்றிப் பேசுவோம். அதிலும் ஒரு சிறிய விஷயம்: பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தை நம் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து திருப்புதல் செய்வது.

இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை பத்தாம் வகுப்பு ஒரு வாசல். தாண்டினால் மேல்நிலை, பாலிடெக்னிக். தாண்டாவிட்டால் காசிமேட்டில் ஐஸ் உடைக்கலாம், கண்டெய்னர் லாரியில் கிளீனராகப் போகலாம், கம்பெனி வாசலில் காண்ட்ராக்ட் கூலிக்கு நிற்கலாம். அந்த வாசலில் இடறும் பிள்ளைகள் எல்லாரும் படிக்காதவர்கள் அல்லர். ஒற்றை அறை வீட்டில் அப்பா ஷிப்ட் முடிந்து தூங்குவார், தம்பி அழுவான், டிவி ஓடும். அங்கே தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய் என்றால் எப்படி முடியும்? பள்ளியிலோ 'நீ 35 எடுத்தா போதும்' என்ற வார்த்தை நம் பிள்ளைகளுக்காகவே காத்திருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு, தனக்குத் தெரிந்ததையும் தெரியாது என்று நம்பும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம்.

இந்த நம்பிக்கையின்மையைக் குழுவால் உடைக்க முடியும் என்பதற்கு வெளியுலகத்தில் ஒரு சாட்சி உண்டு. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை அழைத்தார்கள். பதில் சொல்லிப் பாராட்டு வாங்க ஒவ்வொரு பிள்ளையும் மற்றவர்களோடு போட்டி போடும் வகுப்பறைதான் பகையை வளர்க்கிறது என்று அவர் கண்டார். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். பாடத்தையும் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒரே துண்டை வைத்திருக்கும் பிள்ளைகள் முதலில் கூடிப் பேசித் தெளிவார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். கடைசியில் தேர்வை எல்லாரும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

எந்தப் பிள்ளையை வகுப்பு ஏளனம் செய்ததோ, அந்தப் பிள்ளை வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்கும் மதிப்பெண் போய்விடும். ஆகவே கேலி நின்றது, காதுகள் திறந்தன. கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது; வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. தேர்வுக்கான உத்தி என்று இன்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தரும் இந்த முறை, நிறப் பிரிவினையோடு மோதிப் பிறந்தது. நமக்கு இது முக்கியம்.

நம் பாடத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். பத்தாம் வகுப்பின் முதல் வரலாற்றுப் பாடம் முதல் உலகப்போர். அது ஐந்து பேருக்கு ஐந்து துண்டாகப் பிரியும்: போரின் காரணங்கள், போரின் போக்கு, வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை, 1917 ரஷ்யப் புரட்சி, பன்னாட்டுச் சங்கம். போரின் போக்கை எடுக்கும் பிள்ளை நம் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தக் கப்பலின் பெயரைத்தான். இதை ஒரு முறை நண்பனுக்குச் சொன்ன பிள்ளைக்கு 1914 என்ற ஆண்டு மறக்காது. காலக்கோடு வரையும் கேள்வியில் கை தானாகப் போகும்.

சொல்லிக் கொடுத்த பிறகு புத்தகத்தை மூட வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதல்ல.

இனி கடினமான கேள்விக்கு வருவோம். 1918இல் வாடியா, திரு.வி.க. முதலியோர் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நம் தெருவில் நடந்தது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. ஆதிதிராவிடர்களை நகரத்தைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்று நீதிக்கட்சித் தலைமையிலிருந்து குரல் எழுந்தது. எம்.சி. ராஜா அதை எதிர்த்தார்; 1923இல் அந்தக் கட்சியை விட்டே விலகினார்.

இதைத் தனியாகப் படிக்கும் பிள்ளை, நம்மவர்கள் கருங்காலிகள் என்று வெட்கப்பட்டு நிறுத்திவிடக்கூடும். குழுவில் ஒருத்தி கேட்பாள்: வேலை போனால் அவர்களுக்குக் கடன் கொடுக்க யார் இருந்தார்கள்? இன்னொருவன் கேட்பான்: ஆலை முதலாளிக்கு இந்தப் பிளவால் என்ன லாபம்? மூன்றாமவன்: சங்கத்தில் அவர்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது? ஒரு நிகழ்வுக்குப் பல காரணம் தேடும் இந்தப் பழக்கம்தான் ஐந்து மதிப்பெண் கேள்விக்கும் எட்டு மதிப்பெண் கேள்விக்கும் தேவைப்படுவது. வரலாறு என்ற பாடத்துக்கும் அதுவே உயிர்.

குழு என்றாலே சமத்துவம் வந்துவிடாது. நன்றாக எழுதும் பையன் வாத்தியாராகிவிடுவான். மற்றவர்கள் அவன் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். பாய் விரிப்பதும் தண்ணீர் கொண்டுவருவதும் பெண்பிள்ளைகள் தலையில் விழும். அப்படியானால் ஊரில் இருப்பதையே மொட்டைமாடியிலும் நடத்துகிறோம் என்று பொருள். ஆகவே சில விதிகள் வேண்டும். கேள்வி கேட்பவர் நாள்தோறும் மாற வேண்டும். தயங்கும் பிள்ளை முதலில் பேச வேண்டும். பெருக்குவது முறைவைத்து எல்லாருக்கும். நேரத்தைக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் வர முடியாது. மீனவர் குப்பத்துப் பிள்ளையும் நம் தெருப் பிள்ளையும் ஒரே குழுவில் இருக்க வேண்டும். பிரித்து உட்கார வைத்தால் ஆரன்சன் முறை என்று சொல்வதில் பொருளில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் வீடுகளுக்குள் வந்தது. அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிப்போயின. இப்படி ஒரு வெள்ளத்தில் நோட்டும் நோட்ஸும் போய்விடும். பாடத்தை ஐந்து பேர் ஆளுக்கொரு துண்டாகத் தலையில் வைத்திருந்தால், தண்ணீர் வடிந்த மறுநாளே திருப்புதலைத் தொடங்கலாம். நம் பகுதிக்கு இந்த முறை பொருந்த இதுவும் ஒரு காரணம்.

கல்லூரி மாணவர்களாக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பொதுத்தேர்வு வரை வாரம் இரண்டு மாலை, உங்கள் தெருவின் ஒரு குழுவோடு உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம். 35 போதும் என்று சொல்லப்பட்ட பிள்ளை பேசும்போது மற்ற நால்வரும் காது கொடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஜெய்பீம்.