அரை அடியும் முழு விடுதலையும்



முழு விடுதலை வேண்டுவோர், அரை அடி மட்டுமே எடுத்துவைக்கும் வேட்பாளனுக்கு ஒப்போலை இடலாமா? இட்டால் கொள்கை கெடும் என்பர் ஒரு சாரார். இடாவிட்டால் பகைவன் வெல்வான் என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கின் இரு முனைகளையும் பட்டறிந்தவர்கள் அமெரிக்க நாட்டின் அடிமையொழிப்பு இயக்கத்தினர்.

1844-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில், அடிமை முறை நிலவிய தெக்சாசை அமெரிக்காவுடன் இணைத்தே தீரவேண்டும் என்று நின்றார் போல்க்கு. என்றி கிளே அதற்குத் தயங்கினார். ஆயினும் அவரும் அடிமைகளை உடையவரே. எனவே விடுதலைக் கட்சியினர் இருவரையும் ஒதுக்கிப் பிர்னியைத் தனியே நிறுத்தினர். நியூயார்க்கு மாநிலத்தில் பிர்னி பெற்றவை 15,812 ஒப்போலைகள். கிளே அங்குத் தோற்றதோ 5,106 ஒப்போலைகளால்! பிர்னிக்கு இட்டவருள் மூன்றில் ஒரு பங்கினர் கிளேவுக்கு இட்டிருப்பின், அம்மாநிலமும் தலைமையும் அவருக்கே கிடைத்திருக்கும். போல்க்கு வென்றார், 1845-இல் தெக்சாசு அடிமை மாநிலமாகவே இணைந்தது. கொள்கை காத்தவர் கைகள் தூய்மையாய் இருந்தன. விலங்கு பூண்ட கைகளோ பெருகின.

அப்படியாயின், மென்போக்கினனுக்கு ஒப்போலை இட்டுவிட்டு வாளா இருந்தால் போதுமா? போதாது. 1860-இல் வென்ற ஆபிரகாம் இலிங்கன், அடிமை முறை புதிய நிலங்களுக்குப் பரவலாகாது என்றாரேயன்றி, இருக்கும் இடத்தில் அதனை ஒழிப்பேன் என்றாரில்லை. 1863 சனவரி முதல் நாள் அவர் வெளியிட்ட விடுதலை அறிவிப்பும், ஒன்றியத்தை விட்டு விலகாத அடிமை மாநிலங்களைத் தொடவில்லை.

அடிமையாய்ப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக்கு தக்ளசு, இலிங்கனின் தயக்கத்தைப் பலகாலும் கடிந்துரைத்தவர். ஆயினும் 1864 தேர்தலில், ஒன்றியம் மீண்டாற் போதும், அடிமை முறை ஒழியாவிடினும் ஆகுக என்றிருந்த மெக்கிளெல்லன் எதிர்நின்றபோது, இலிங்கனுக்கே துணைநின்றார். அதே காலத்தில், எலிசபெத்து இசுட்டாண்டனும் சூசன் அந்தோணியும் நடத்திய மகளிர் அமைப்பு, அடிமை முறையை அரசமைப்புச் சட்டத்தாலேயே ஒழிக்க வேண்டுமென ஏறத்தாழ நான்கு இலக்கம் கையொப்பங்களைத் திரட்டியது. அம்மகளிர்க்கு ஒப்போலை உரிமையே இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்!

போர்க்களத்தில் சிந்திய குருதியும், பண்ணைகளை விட்டு வெளியேறிப் படையிற் சேர்ந்த கருப்பின மக்களின் துணிவும், இவ்விடையறா நெருக்குதலும் கூடியே, 1865 திசம்பரில் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் உறுதியாயிற்று. ஏறத்தாழ நாற்பது இலக்கம் மாந்தரை அடிமைகளாய் வைத்திருந்த முறை சட்டத்தால் வீழ்ந்தது. அரை அடி வைத்தவர் முழு அடி வைத்தார். வைக்கச் செய்தவர் மக்கள்.

எனவே, இருவருக்கும் இடையே மெய்யான வேறுபாடு இல்லையெனில் தனித்து நில்லுங்கள். வேறுபாடு உண்டெனில், பகைவனைத் தடுக்க மென்போக்கினனுக்கு ஒப்போலை இடுங்கள். ஆனால் உங்கள் வேண்டுகையில் ஓர் எழுத்தையும் குறைக்காதீர்கள். தேர்தல் முடிந்த மறுநாட் காலையே அவன் வாயிலில் போய் நில்லுங்கள். கேளாதவர்க்கு எந்த ஆட்சியும் விடுதலை வழங்கியதில்லை!