நிழலும் நமது உரிமையே!



கூலியையும் போனஸையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் மரத்தையும் பூங்காவையும் பற்றி ஏன் பேசுகிறோம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூங்கா என்றால் மாலையில் காற்று வாங்கப் போகும் வசதிக்காரர்களின் சமாச்சாரம் என்பது பலருடைய நினைப்பு. ஆனால் சரித்திரம் சொல்வது வேறு.

லண்டன் நகரின் கிழக்குப் பகுதி தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சாவுக் கணக்கை எழுதி வந்த வில்லியம் பார் என்ற அதிகாரி, அங்கே ஒரு பூங்கா அமைத்தால் ஆயிரக்கணக்கான சாவுகள் குறையும் என்று 1839ல் எழுதினார். கிழக்கே தோன்றும் கொள்ளைநோய் கிழக்கிலேயே நிற்காது, மேற்கே பணக்காரர் வீதிக்கும் வரும் என்றும் எச்சரித்தார். மறு ஆண்டில் 30,000 பேர் கையெழுத்திட்ட மனு விக்டோரியா ராணியிடம் போயிற்று. 1845ல் விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. ஜனங்கள் கேட்டார்கள், பெற்றார்கள்!

இந்தக் காலத்து ஆராய்ச்சி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மிச்செல், போபாம் என்ற இரு விஞ்ஞானிகள் இங்கிலாந்து தேசம் முழுவதையும் கணக்கெடுத்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மரணங்களை ஆராய்ந்தார்கள். பசுமை மிகக் குறைந்த பகுதிகளில் ஏழைகளின் மரண விகிதம் பணக்காரர்களுடையதைவிட 93 சதவீதம் அதிகம். பசுமை மிகுந்த பகுதிகளில் அந்த வித்தியாசம் 43 சதவீதம்தான். கவனியுங்கள்: வித்தியாசம் குறைந்தது, ஒழியவில்லை. மரம் கூலிக்கு ஈடாகாது. ஆனால் கூலி குறைந்தவனுக்குத்தான் மரம் அதிகம் தேவை.

இது எப்படி நடக்கிறது? இலை நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. தூசியை ஓரளவு தடுக்கிறது. நிழல் இருந்தால் கிழவரும் குழந்தையும் வெளியே வந்து நடமாடுகிறார்கள். சிமெண்டும் தாரும் பகலில் குடித்த வெயிலை இரவில் கக்குகின்றன. குளிர்சாதனம் வைத்திருப்பவன் தூங்குவான். தகரக் கூரைக்கடியில் படுத்திருப்பவன் என்ன செய்வான்? இரவு தூங்காத உடம்போடு காலை ஷிப்டுக்குப் போவான்.

நமது சீமைக்கு வருவோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி நம்முடையது. மருத மரங்கள் நின்ற கரை, கால்வாய்கள், குளங்கள், ஊரை ஒட்டிய வயல்கள்: இவைதான் நெல்லைக்கும் பாளைக்கும் குளிர்ச்சி தந்தவை. வயல் மனையாகிறது. சாலையை அகலமாக்குவதற்காகப் புளியும் வேம்பும் வெட்டப்படுகின்றன. வேய்ந்தான்குளம் என்றால் வெளியூர்க்காரனுக்கு இன்று பஸ் நிலையம்தான் தெரியும்!

வெயிலின் சுமை யார் தலையில் விழுகிறது? நாற்று நடும் பெண், மூட்டை தூக்குபவர், மேலப்பாளையத்தில் வீட்டுக்குள் புழுங்கிக்கொண்டு பீடி சுற்றும் தாய். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2024ல் வெளிவந்தது. வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதையும் அபாயம் இருமடங்கு! அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. சாகாமல் இருக்க நிழல் எங்கே என்பதே நமது கேள்வி.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2019ம் ஆண்டுக் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைப் பொது உபயோகத்துக்காக உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தபோது, அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1991ல் தீர்ப்பளித்தது. காகிதத்தில் பூங்கா, நேரில் கருவேலங்காடு அல்லது யாரோ போட்ட கம்பிவேலி என்றால் நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இவைதான்.

ஒன்று: உங்கள் வட்டாரத்தில் பூங்காவுக்கென்று எழுதி வாங்கிய நிலங்களின் பட்டியலை உள்ளாட்சி மன்றம் சுவரில் ஒட்டட்டும்.

இரண்டு: மில் வாசல், பஸ் நிறுத்தம், அரசு ஆஸ்பத்திரி, களத்துமேடு ஆகிய இடங்களில் வேம்பும் புங்கையும் பூவரசும் நடட்டும். நட்டுப் படம் எடுத்தால் போதாது, மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் சம்பளமும் வேண்டும்.

மூன்று: குளத்தையும் கால்வாயையும் காப்பாற்றட்டும். ஆனால் அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிக் குடிசைகளைப் பிடுங்கி எறியக் கூடாது. வாசலில் டிக்கெட் வைத்து ஏழையை வெளியே நிறுத்தவும் கூடாது.

தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908ல் வேலைநிறுத்தம் செய்து ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். ஓய்வுக்கு நாளைப் பெற்றவர்கள் அவர்கள். ஓய்வுக்கு இடத்தைப் பெறுவது நமது வேலை. இந்த வாரமே ஒவ்வொரு தெருவிலும் கூடுங்கள், மனு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள்!