யாருக்காக எழுதுகிறோம்?

(தோட்ட வாலிபர் கழகமொன்று கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பிப்பதற்காகக் கூட்டிய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் பேசியது.)





இந்தத் தோட்டத்து வாலிபர்கள் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை எழுதி பிள்ளை மடுவச் சுவரில் ஒட்டப் போகிறார்கள். சந்தோஷமான விஷயம். பேர் வைத்தாகிவிட்டது, முன்பக்கத்துக்குப் படமும் வரைந்தாகிவிட்டது. "இதை யார் தம்பி வாசிக்கப் போறது?" என்று கேட்டேன். "எல்லாரும்தான் சேர்" என்றார்கள். அந்த "எல்லாரும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம் லயங்களில் கடிதம் எழுதிக் கொடுக்காத படித்த பிள்ளை கிடையாது. கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு, வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகளுக்குப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்திருப்பீர்கள். இன்றைக்குப் போன் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடிதங்களில் ஒரு பாடம் இருக்கிறது. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். மகள் எதை நினைத்துக் கவலைப்படுவாளோ அதைத்தான் முதலில் சொல்லுவார்: "சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுப் போச்சு, பள்ளிக்கூடம் போறான்." வாசிக்கும் ஆளின் முகம் பாட்டியின் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதனால் வீண்பேச்சு வருவதில்லை. அந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்த மகளும் இல்லை.

"எல்லாருக்கும்" என்று எழுத உட்கார்ந்தால் எந்த முகமும் தெரியாது. அப்போது பேனா பாடப்புத்தகத் தமிழுக்கும், எங்கேயோ கேட்ட காதல் கவிதைக்கும் போய்விடும். எழுதியவரும் அவருடைய கூட்டாளிகள் நாலு பேரும் வாசிப்பார்கள். மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நம் மலையகத்தில் இந்த விஷயத்தை நன்கு அறிந்து வேலை செய்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைப்பது லேசான காரியமல்ல. அவர் புடவை வியாபாரி போல வேஷம் போட்டு லயங்களுக்குள் போய், தொழிலாளர் படும் பாட்டை நேரில் கண்டார். 1924இல் "தேசபக்தன்" பத்திரிகையைத் தொடங்கினார். ஆளும் வர்க்கத்தார் காதில் ஏற வேண்டியதை ஆங்கிலப் பத்திரிகை நடத்தி ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் எழுதினார்.

படிக்கவே தெரியாதவர்களை என்ன செய்வது? அன்றைக்குத் தோட்டத்தில் அவர்கள்தானே பெரும்பகுதி! அதற்கு வழி காட்டியவர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள். சனங்களின் கஷ்டத்தையும் உரிமையையும் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டுக்கள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. எழுத்துப் போகாத இடத்துக்குப் பாட்டுப் போனது. விஷயம் ஒன்றுதான். கேட்கும் ஆள் மாறும்போது சொல்லும் விதத்தையும் அவர்கள் மாற்றினார்கள்.

இப்போது நம் பத்திரிகைக்கு வருவோம். ஒரு உதாரணம் சொல்கிறேன். சேமலாப நிதி பற்றி ஒரு தம்பி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடுகளுக்கு அமைவாக" என்று தொடங்கலாம். பிழையில்லை. ஆனால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிற அக்கா அந்த வரியோடு நின்றுவிடுவார்.

அதையே இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "அக்கா, உங்கள் அடையாள அட்டையில் லெட்சுமி என்றும் செக்ரோலில் லச்சுமி என்றும் இருக்கிறதா? வேலையை விட்டு நிற்கும்போது காசு எடுக்க அலைய வேண்டி வரும். இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்." அக்கா நின்று வாசிப்பார். வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அதன் பிறகு, சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது நூற்றுக்கு 8, தோட்டம் போடுவது நூற்றுக்கு 12 என்று கணக்குச் சொன்னால் அதையும் கேட்பார். சட்டத்தின் இலக்கத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

ஆகையால் ஒவ்வொரு விஷயத்தையும் எழுதுவதற்கு முன்னர் ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவாக இருக்கலாம். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் தங்கையாக இருக்கலாம். பென்ஷன் போன தாத்தாவாக இருக்கலாம். அந்த ஆளுக்கு இதில் என்ன தேவை, எந்தச் சொல் புரியும், எது புரியாது என்று யோசித்து எழுதுங்கள். ஒரு ஆளுக்குச் சரியாக எழுதினால் அவரைப் போன்ற ஐம்பது பேருக்கும் அது போய்ச் சேரும்.

வாசிக்கிற நேரத்தையும் இடத்தையும்கூட யோசிக்க வேண்டும். காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். பகலில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிற தாய்மாருக்குக் கொஞ்ச நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் நேரம் உண்டு. பெரியவர்களின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதுங்கள். மழைச் சாரல் படாத சுவராகப் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். நம் தோட்டங்களில் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட சனம்தானே! கேட்கும்படி சொன்னால் நிச்சயம் கேட்பார்கள்.

அடுத்தது, வாசித்தவர்கள் பதில் சொல்ல வழி வேண்டும். ஒவ்வொரு இதழிலும் ஒரு கேள்வி போடுங்கள். "நம் பீலியில் தண்ணீர் எந்த நேரத்தில் குறைகிறது?" "உங்கள் பாட்டி பாடிய தாலாட்டு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?" இப்படிக் கேளுங்கள். பக்கத்தில் ஒரு பெட்டி வையுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னதை அடுத்த இதழில் அவர் பேரோடு போடுங்கள். மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அப்படி நம் சனங்கள் வாயால் பாடியதைச் சேகரித்ததால்தான் 1983இல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற புத்தகம் வந்தது. தான் சொன்னது சுவரில் வந்திருப்பதைக் கண்டவர் அடுத்த மாதம் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் யாரை நினைத்து எழுதுகிறீர்களோ அவர் மட்டும் வாசிப்பதில்லை. துரையும் வாசிப்பார், பக்கத்துக் காம்பராக்காரரும் வாசிப்பார். குடியால் கெட்ட குடும்பத்தைப் பற்றி எழுதும்போது பேரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே லயத்தில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம். யார் வீட்டுக் கதை என்று பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடி வாங்கிய பெண் இன்னும் ஒரு முறை அடி வாங்க நம் எழுத்துக் காரணமாகிவிடக் கூடாது. அப்படியான விஷயத்தை யார் கதையாகவும் எழுதாமல், உதவி தேடி யாரிடம் போகலாம், எப்படிப் போகலாம் என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியதும் அதுதான்.

தம்பி தங்கைகளே, முதல் இதழுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. எழுதி வைத்திருப்பதை ஒட்டுவதற்கு முன்னர், யாரை நினைத்து எழுதினீர்களோ அவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் "என்னப்பா சொல்ற?" என்று கேட்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். தாய்மார்களே, பிள்ளைகள் வாசித்துக் காட்ட வந்தால் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். புரியாததைப் புரியவில்லை என்றே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பத்திரிகை உங்களுக்காகத்தான் வருகிறது.