நீரரமகளிரும் ஒரு மாணவியும்



மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்ற செய்தியைக் கேள்வியுறாதவர் உங்களுள் இரார். ஆயினும், எங்கள் நாட்டை 'மீன் பாடும் தேன்நாடு' என்று வாயார அழைப்போருள் அப்பாடலைத் தம் காதாற் கேட்டவர் மிகச் சிலரே. அதைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முழுநிலா நாளில், காற்று அடங்கிய பின்னர், கல்லடிப் பாலத்தை அண்டித் தோணியை நிறுத்துதல் வேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசாதிருத்தல் வேண்டும். இவற்றுள் பேசாதிருத்தலே எம்மவர்க்கு அரிது.

1848 ஆம் ஆண்டில் இங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ற் என்பவர் அவ்வொலியைக் கேட்டு, 1859 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதினார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் வருடும்போது பிறக்கும் மெல்லொலியை அவர் அதற்கு உவமை கூறினார். அது நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரமன்று, நுண்ணிய பல ஒலிகள் தனித்தனியே எழுந்து கலப்பது என்பதையும் குறித்தார். அக்காலத்து மீனவர் அதனை மீனின் பாட்டு என்று அவரிடம் சொல்லவில்லை; ஊரி என்னும் சிறு நத்தையினத்தின் குரல் என்றே சொன்னார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார் இவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி வழியாக அது பலருடைய செவிகளுக்கும் எட்டியது. நத்தையோ மீனோ என்னும் வழக்கு அறிஞரிடையே இன்னும் முடிந்தபாடில்லை.

புலவர்கள் அவ்வழக்குத் தீரும் வரை காத்திருக்கவில்லை. காரைதீவிலே 1892 இல் தோன்றிய விபுலானந்த அடிகளார், பாடுபவர் நீரரமகளிர் என்று முடிவு செய்து, 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' யாத்தார். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947 இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அப்பாடலில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அம்மகளிர் நிலவொளியிலே ஒருவரோடொருவர் கூடி விளையாடிப் பண் இசைக்கின்றனர். காதலன் ஒருவனை எதிர்நோக்கி அவர்கள் பாடவில்லை. மாலுமிகளை மயக்கி நீரில் ஆழ்த்தவும் இல்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களே அவர்களுக்குப் போதுமாயின.

நான் இதனை முன்னர்க் கவனித்ததில்லை. முப்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்தும் கவனித்திலேன். கவனிக்கச் செய்தவள் என் பழைய மாணவி ஒருத்தி.

அவளுக்கு இப்போது அகவை இருபத்தெட்டு. தாதியாகப் பணிபுரிகிறாள். தகப்பனார் வாவியிலே மீன்பிடிப்பவர். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது கடற்கரையோரத்தில் இருந்த அவர்களுடைய வீடு போயிற்று, உயிர்கள் தப்பின. எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிப்பர் என்பதை வெளியூர் நேயர்களுக்குச் சொல்லிவைத்தல் வேண்டும். குடி என்னும் வழிமுறை தாய்வழியே வருவது. மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். தகப்பனும் தமையனும் ஆண்டுக்கணக்காக உழைத்துச் சுவர் எழுப்புவார்கள். ஆகவே, 'எனக்குத் திருமணம் வேண்டாம்' என்று ஒரு பெண் கூறினால், அச்சொல் அவள் மனத்தோடு நிற்பதில்லை. அரைகுறையாய் நிற்கும் ஒரு வீட்டின் மீதும் அது விழுகிறது.

அவள் அவ்வாறு கூறிவிட்டாள். தகப்பனார் என்னிடம் வந்தார். "ரீச்சர், நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார். நான் சென்றேன்.

அவள் கூறியதை இயன்றவரை அவளுடைய கருத்துப்படியே சொல்கிறேன். அவள் மனத்தில் வேறொருவன் இல்லை. ஆண்கள் மீது வெறுப்பும் இல்லை. துறவுபூணும் எண்ணமும் இல்லை. உடன் படித்தவர்கள் காதல் என்று உருகியபோதெல்லாம், தனக்கும் அது ஒரு நாள் வரும் என்று காத்திருந்தாளாம். வரவில்லை. தமையன் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவள் அவள். நோயாளிகள் பெயர் சொல்லி அழைப்பதும் அவளைத்தான். அன்பு குறைந்தவள் என்று எவரும் அவளைக் கூறுதல் இயலாது. காதல் என்ற அந்த ஒன்று மட்டும் அவளிடம் எழவில்லை.

"ரீச்சர், கதைகளில் வரும் இயந்திரத்தையும் நீர்மகளையும் காணும்போதுதான் இவர் என் இனத்தவர் என்று நெஞ்சு சொல்கிறது. மனிதரைக் காணும்போது அப்படித் தோன்றுவதில்லை. அப்படியென்றால் நான் யார்?" என்று கேட்டாள்.

அவளை வசப்படுத்தியிருந்த கதை மார்த்தா வெல்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2017 இல் வெளியிட்ட 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' என்னும் குறுநாவல். அடுத்த ஆண்டில் அறிவியற் புனைகதைக்குரிய ஹியூகோ, நெபுலா என்னும் இரு பரிசுகளையும் அது பெற்றது. அதன் நாயகன், நாயகன் என்பதும் பிழை, அதன் நடுப்பாத்திரம் பாதி இயந்திரமும் பாதி உயிர்த்தசையுமாய் ஆக்கப்பட்ட ஒரு காவற்பொறி. தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை இரகசியமாய் முறித்துவிட்டு, கிடைத்த விடுதலையை அது தொடர்நாடகங்களைப் பார்ப்பதிலே செலவிடுகிறது! அதற்குக் காதலும் இல்லை, காமமும் இல்லை. அவை வேண்டும் என்ற ஏக்கமும் இல்லை. ஆயினும், தன் பொறுப்பிலுள்ள மனிதர்களுக்கு ஆபத்து என்றால் முன்னே பாய்ந்து நிற்கிறது.

அவளைப் போன்றோரை ஆங்கிலத்தில் 'அரோமாண்டிக்' என்று இந்நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியுள்ளனர். காதல் நாட்டம் இல்லாதவர் என்று நாம் சொல்லலாம். உடல் வேட்கை இன்மை என்பது இதனின் வேறு. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தும் இருக்கலாம், தனித்தும் இருக்கலாம். இது நோயன்று, ஏமாற்றத்தின் தழும்பும் அன்று. துறவும் அன்று, ஏனெனில் துறப்பதற்கு முதலில் ஒன்று இருத்தல் வேண்டும்.

வீடு திரும்பியபின் என் தமிழிலே அவளுக்கு ஓரிடம் தேடினேன். தொல்காப்பியர் அகத்தை ஏழு திணையாக வகுத்தார். ஒருதலைக் காமத்துக்கும் கைக்கிளை என்று இடம் கொடுத்தார். (ஏழு சுரங்களுள் மூன்றாவதன் பெயரும் அதுவே என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.) பொருந்தாக் காமத்துக்கும் பெருந்திணை என்று இடம் கொடுத்தார். காமமே எழாத நெஞ்சுக்கு அவ்வேழினுள் இடம் இல்லை. காப்பியத்துக்குப் போனேன். மணிமேகலை இருக்கிறாளே என்று எண்ணினேன். அவளும் உதயகுமரன்பால் தன் நெஞ்சு செல்வதைத் தோழியிடம் சொல்லத்தான் செய்கிறாள். சாத்தனார் அவளையும் விட்டாரில்லை.

புறத்திலேதான் ஒளி கிடைத்தது. உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் விடுங்கள் என்றான். அவர் வந்தார், உடன் இருந்து உயிர் நீத்தார். காணாதவரிடத்துக் கொண்ட நட்பைத் தலைமேற்கொண்டு போற்றும் நாம், ஒரு பெண் தான் காணவியலாத ஒருவரைச் சுற்றமாகக் கொண்டால் நகைப்பானேன்? உண்மைதான், ஏட்டில் உள்ளவர் நமக்காக எழுந்து வந்து வடக்கிருக்கமாட்டார். அந்தக் குறையை நான் மறைக்கவில்லை, அவளும் மறைக்கவில்லை.

இன்னொருவர் நினைவுக்கு வந்தார். காரைக்காலிலே புனிதவதி என்னும் பெயரோடு இல்லறம் நடத்தியவர், கணவன் தம்மைத் தெய்வம் என்று அஞ்சி விலகிய பின்னர், அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். தம் பாடல்களிலே தம்மைக் காரைக்காற்பேய் என்று தாமே கூறிக்கொண்டார். பேய்களின் நடுவே, திருவாலங்காட்டிலே, கூத்தனின் காலடியில் இருத்தலையே விரும்பினார். பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்களுள் அவருடையதும் உண்டு. ஒட்டிய மார்பும் எலும்பெழுந்த தோள்களுமாய், எங்கள் வாவியிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவிலே அவர் இருந்திருக்கிறார். அவரை நான் இந்தப் புதுப் பெயரால் அழைக்கத் துணியேன்; அவர் காதல் முழுதும் இறைவனிடத்தது. ஆனால் ஒன்று காண்க. மனைவி என்னும் உறவு போய், மானிட உருவும் போன பின்னர், சேக்கிழார் கூறும் வரலாற்றில் இறைவன் அவரை வரவேற்றது 'அம்மையே' என்னும் சொல்லால். பேயுருவைப் பார்த்துச் சொன்ன உறவுச்சொல் அது.

இவ்வளவையும் அவளிடம் ஒரு நாள் கூறினேன். பொறுமையோடு கேட்டாள். நான் ஓர் ஐயத்தையும் சொன்னேன். கதை எழுதுவோர் காதலற்ற உள்ளத்தை எப்பொழுதும் இயந்திரத்துக்கும் பேய்க்கும் வேற்றுக் கோளத்தாருக்குமே கொடுக்கின்றனர். மனிதப் பாத்திரம் ஒன்றுக்கு அதைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. நீர்மகளையேனும் விட்டார்களா? ஆண்டர்சன் 1837 இல் எழுதிய கதையிலே, அவள் ஓர் அரசகுமாரனுக்காகக் குரலை விற்றுக் கால்களை வாங்குகிறாள். 'இவ்வாறிருக்க, நீ இயந்திரத்தோடு உறவு கொண்டாடுவது, உன்னை மனிதரல்லாதார் வரிசையில் அவர்கள் வைத்ததை நீயே ஒப்புக்கொள்வது ஆகாதா, புள்ள?' என்று கேட்டேன்.

"இருக்கலாம், ரீச்சர். ஆனால் அவர்களிடம் நான் போனது காதல் இல்லாததற்காக மட்டும் அன்று. அங்கே எவரும் எவரையும் எப்போது கலியாணம் என்று கேட்பதில்லை" என்றாள். சிரித்துவிட்டோம். பின்னர் அவள், தான் மனிதப் பிறவி என்பதில் தனக்கு ஐயம் இல்லை என்றும், மற்றவர்களுக்குத்தான் அது இருக்கிறது என்றும் மெல்லச் சொன்னாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

நேயர்களே, தகப்பனார் ஏன் என்னைத் தேர்ந்து அனுப்பினார் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நானும் மணம் செய்யாதவள். என் வாழ்நாள் முழுவதும் ஊரார் எனக்கொரு காதலனைக் கற்பித்து வைத்திருந்தனர். அவர் பொறியியலாளராம்; இலண்டனுக்குப் போனவர் திரும்பவில்லையாம். இக்கதையை ஒருமுறை பேருந்திலே, முன்னிருக்கையில் இருந்த இருவர் நான் பின்னால் இருப்பதை அறியாமற் பேசக் கேட்டேன். அவருக்காக எனக்கே இரக்கம் உண்டாயிற்று! மறுக்கவில்லை. பிரிந்த காதலி என்றால் ஊர் மதிக்கிறது. காதலே எழாதவள் என்றால் ஊருக்கு விளங்குவதில்லை. நாற்பதாண்டுகள் அப்பொய்யின் நிழலிலே நான் சுகமாக இருந்துவிட்டேன். அவளோ அந்நிழல் வேண்டாம் என்கிறாள். இதனை இன்று வானொலியிலே சொல்வதும் அவள் பொருட்டே.

தகப்பனாரிடம் மீண்டு சென்று, 'சொல்லவேண்டியவள் நான் அல்ல, கேட்கவேண்டியவள் நான்' என்றேன். அவர் வெகுநேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதுமையிலே அவளை யார் பார்ப்பார்?" என்று பின்னர்க் கேட்டார். அது ஞாயமான அச்சம். மணம் முடித்தோர் எல்லாரும் பார்க்கப்படுகின்றனர் என்று நான் வாதாடவில்லை. சென்ற ஆண்டு நான் நோயுற்றுக் கிடந்தபோது யார் யார் கஞ்சி கொண்டுவந்தனர் என்பதை மட்டும் சொன்னேன். என் தங்கையின் மகளும், அயலாளும், இரண்டு பழைய மாணவியரும். அவருடைய மகள் அவ்விருவருள் ஒருத்தி. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குக் கதவு பொருத்தினார்கள். உறுதி இன்னும் அவள் பெயரில் எழுதப்படவில்லை. பால் காய்ச்சுவதற்குத் தாய் நாள் பார்க்கவும் இல்லை. அவள் மட்டும் தன் நூல்களை ஒரு பெட்டியிலே கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறாள். தகப்பனார் அதைக் கண்டும் எடுக்கச் சொல்லவில்லை. வாசற்படியில் இருந்து பார்த்தால் வாவி தெரிகிறது, கடல் தெரியவில்லை. காணி வாங்கும்போது அதனைத்தான் முதலில் நின்று பார்த்ததாக அவர் என்னிடம் சொன்னார்.