தபாலில் நடந்த வைத்தியம்

(பஞ்சாலைத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1784-ம் வருஷம் மார்ச் மாதம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பேர்பெற்ற மூன்று வைத்தியர்களுக்குக் கடிதம் வருகிறது. நோயாளி கிடப்பதோ லண்டனில். இடையே ஏறத்தாழ நானூறு மைல். ரயில் இல்லை, தந்தி இல்லை; குதிரை சுமந்து போகும் தபால்தான் உண்டு. நோயாளியைக் கண்ணால் பாராமல், நாடி பிடிக்காமல், காகிதத்தைப் படித்து யோசனை சொல்ல வேண்டும்.

அந்த நோயாளி சாமுவேல் ஜான்ஸன். புத்தகக் கடைக்காரர் மகன். பணமில்லாமல் ஆக்ஸ்போர்டு படிப்பை நடுவிலே விட்டவர். 1755-ல் ஆங்கில மொழிக்குப் பெரிய அகராதி செய்து கொடுத்தவர். அரசியலில் அவர் மன்னர் கட்சிக்காரர், நம்முடைய ஆள் அல்ல. ஆனால் பட்டினி என்னவென்று அறிந்தவர். நீக்ரோ அடிமை முறையை மனமார வெறுத்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1783 ஜூன் மாதம் ஒரு நாள் இரவு அவருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. புத்தியும் போய்விட்டதா என்று சோதிக்க, மனத்துக்குள்ளேயே லத்தீனில் ஒரு பிரார்த்தனைச் செய்யுள் கட்டிப் பார்த்தார். வந்தது. பிறகு பக்கத்தில் குடியிருந்த அச்சுக்கூடக்காரருக்குச் சீட்டு எழுதி உதவிக்கு அழைத்தார். பேச்சு திரும்பிற்று. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இழுப்பு வந்தது. உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டும். “உங்கள் ஊர் வைத்தியர்களைக் கேளும்” என்று எடின்பரோவில் இருந்த வக்கீல் நண்பர் பாஸ்வெல்லுக்கு எழுதினார். பாஸ்வெல் கல்லன், ஹோப், மன்ரோ ஆகிய மூவருக்கும் எழுதினார். மூவரும் அக்கறையோடு பதில் போட்டார்கள். லண்டனில் பார்த்த வைத்தியர்களோ கடைசிவரை ஒரு காசு வாங்கவில்லை.

பார்க்காமலே வைத்தியமா, இது என்ன கூத்து என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காலத்தில் அருகில் இருந்த வைத்தியர் மட்டும் என்ன அதிகம் கண்டார்? மார்பில் வைத்துக் கேட்கும் குழாயை லேன்னெக் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டுபிடித்தது 1816-ல்தான். அதுவரை நாடி, நாக்கு, சிறுநீர், இவற்றோடு நோயாளி சொல்லும் கதை. கதையைக் கடிதத்தில் எழுதலாமே!

கல்லனுக்கு இது பெரிய தொழிலாகவே நடந்தது. அவருக்கு வந்த கடிதங்களும் அவர் எழுதிய பதில்களின் நகல்களும் ஆயிரக்கணக்கில் எடின்பரோ வைத்தியர் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. நகல் எப்படி வந்தது தெரியுமா? நீராவி எஞ்சினைச் சீர்திருத்திய அதே ஜேம்ஸ் வாட், 1780-ல் கடிதத்துக்குப் பிரதி எடுக்கும் அழுத்து யந்திரம் ஒன்றுக்கும் காப்புரிமை பெற்றார். விசேஷ மையில் எழுதிய தாளின்மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஊறும். மறுவருஷமே கல்லன் அதை உபயோகிக்கத் தொடங்கிவிட்டார்.

சரி, யார் எழுதினார்கள்? பெரும்பாலும் நிலப்பிரபுக்கள், வியாபாரிகள், பாதிரிகள். வேலைக்காரனுக்காக எஜமான் எழுதியதும் உண்டு, அபூர்வம். கல்லன் சொன்ன யோசனையில் அடிக்கடி வருவது பத்தியச் சாப்பாடு, குதிரைச் சவாரி! கூலிக்காரன் குதிரைக்கு எங்கே போவான்? அதே ஸ்காட்லாந்தில் அதே நாளில் நிலக்கரித் தொழிலாளி சட்டப்படியே சுரங்கத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தான். சுரங்கம் விலைபோனால் அவனும் சேர்ந்து விலைபோவான். 1775-ல் வந்த சட்டம் அந்தக் கட்டை அரைகுறையாகத் தளர்த்தியது. முழுசாக அறுந்தது 1799-ல்தான். அவனுக்கு நெஞ்சு அடைத்தால் எடின்பரோவுக்குக் கடிதம் எழுத எவன் இருந்தான்?

“நீ என்ன வேலை செய்கிறாய்?” என்று நோயாளியைக் கேள் என இத்தாலியில் ராமாஸினி என்ற வைத்தியர் 1700-லேயே புத்தகம் எழுதிச் சொல்லியிருந்தார். மலக்குழி சுத்தம் செய்பவனின் கண் ஏன் கெடுகிறது என்று அவனையே கேட்டறிந்தவர் அவர். பஞ்சுத் தூசியில் இருமும் தோழர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான்ஸன் விஷயத்துக்கு வருவோம். அவருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று நரி வெங்காயம் ஊறிய காடி. நம் ஊர் நரி வெங்காயத்துக்கு அது உறவு. இடையில் ஒரு முறை நீர் திடீரென்று வெளியேறி, ஆறுதல் கிடைத்தது. பிறகு மீண்டும் வீக்கம். கடைசியில் வைத்தியர்கள் போதுமான ஆழம் கீறவில்லை என்று தாமே கத்தியை எடுத்துக் காலைக் கீறி நீரை இறக்கப் பார்த்தார். 1784 டிசம்பர் 13-ல் இறந்தார்.

அடுத்த வருஷமே, 1785-ல், பர்மிங்ஹாம் வைத்தியர் வித்தரிங் ஒரு புத்தகம் வெளியிட்டார். நீர்வீக்கத்தை வடியவைக்கும் டிஜிட்டாலிஸ் இலையைப் பற்றியது அது. இந்த மருந்து அவருக்கு எங்கே கிடைத்தது? ஷ்ராப்ஷயர் கிராமப்புறத்தில் ஒரு கிழவியிடம்! படித்த வைத்தியர்கள் கைவிட்ட நோயாளிகளையும் அவள் இருபதுக்கு மேற்பட்ட மூலிகை சேர்ந்த கஷாயத்தால் குணப்படுத்தி வந்தாள். 1775-ல் அந்த முறையைப் பற்றி வித்தரிங்கிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். வேலை செய்வது டிஜிட்டாலிஸ்தான் என்று பிரித்தறிந்தது அவர் திறமை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

ஆனால் அளவை எப்படிக் கண்டார்? தினமும் குறிப்பிட்ட நேரத்தில் அவர் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வந்தார்கள். அவர்களிடம்தான் மருந்தைச் சோதித்தார். முதலில் நெடுங்காலம் அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மிஞ்சினால் வாந்தி, கண் மங்கல், இதயமே நின்றுபோகும். நேர்மையாக எழுதியதற்கு அவரைப் பாராட்டலாம். அந்த வாந்தியை எடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்கலாம் அல்லவா?

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து எடுக்கும் டிகாக்ஸின் இன்றும் இதய நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. புத்தகத்தில் அந்தக் கிழவியின் பெயர் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் மருந்துக் கம்பெனி ஒன்று தன் விளம்பரத்துக்காக அவளுக்கு ஒரு பெயரும் கட்டிவிட்டது. படமும் வரைந்து போட்டது.