பேத்தி கேட்ட கேள்வி

(கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்ததும் நம்ம ஊக்குநர் என்னிடம் வந்து, "அக்கா, அடுத்த தடவை நீங்க பத்து நிமிஷம் பேசணும். கடன், வட்டி, தவணை ஒண்ணும் வேண்டாம். நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்" என்றார். இதில் பேச என்ன இருக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கோடை லீவில் என் பேத்தி கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

பேத்திக்கு எட்டு வயசு. தூத்துக்குடி டவுனில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் நாள் முழுக்க செல்போனும் கையுமாக இருந்தாள். ஒருநாள் ரோட்டோரத்தில் நுங்கு வாங்கி வந்தேன். தின்று முடித்த இரண்டு காயை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பு ஒன்றை ஒடித்துக் கொடுத்தேன். "இது என்ன ஆச்சி?" என்றாள். "இதுதான் வண்டி, தள்ளு" என்றேன். அவ்வளவுதான்! தெருவில் ஒரே ஓட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு சாயந்திரம் வரை செல்போன் திண்ணையில் சும்மா கிடந்தது.

ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "ஆச்சி, நீங்க சின்னப்பிள்ளையா இருக்கும்போது நம்ம வீட்டுலயே நிறையப் பனைமரம் இருந்துச்சாமே, அம்மா சொன்னாங்க. அதெல்லாம் எங்கே?"

சகோதரிகளே, எனக்கு நாக்கு எழவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் வேம்பார் பக்கம் கடலோரக் கிராமத்தில் வளர்ந்தவள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பனங்காடு. காசு கொடுத்து வாங்கிய பொம்மை ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் விளையாட்டுச் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. ஓலையில் காற்றாடி, ஓலையில் கொட்டான். அந்தக் கொட்டானை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனால் சிப்பியும் சோழியும் பொறுக்கி வருவோம். மணலில் குழி தோண்டிப் பல்லாங்குழி ஆடுவோம். காலையில் பதனீர் இறக்கி வந்தால் ஓலைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். கருப்பட்டி காய்ச்சும் அன்றைக்குச் சட்டியில் ஒட்டிய பாகைச் சுரண்டித் தின்ன அண்ணன் தம்பிக்குள் அடிதடியே நடக்கும். தை மாசம் பனங்கிழங்கு. முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாகத் தவுன். இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப்பேருக்கு இப்பவே வாயில் எச்சில் ஊறுகிறது, இல்லையா?

ஆனால் என் அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. அம்மா பிறந்தது தூத்துக்குடி. அவள் சொல்வது முத்துக்குளிப்பைப் பற்றி. நம்ம கடற்கரைக்கே முத்துக்குளித்துறை என்றுதானே பேர்! இடுப்பில் கயிறு, காலில் கல் கட்டி ஆட்கள் பாருக்குள் இறங்கி சிப்பி அள்ளி வருவார்கள். கரையில் குவியல் குவியலாக ஏலம் போகும். நாற்றம் தாங்க முடியாது, ஈ மொய்க்கும். ஆனாலும் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு அசையமாட்டார்களாம். வெறும் சிப்பிக் குவியலைக் கிளறினால் கடுகளவு முத்தாவது கிடைக்காதா என்று தேடுவார்களாம்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். அதற்குப் பிறகு பார்களில் போதுமான சிப்பி சேரவில்லை. சங்கு குளிக்க இன்றும் போகிறார்கள், முத்துக்குளிப்பு நின்றுபோனது. 1973-இல் தூத்துக்குடியிலேயே மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். அது நமக்குப் பெருமைதான். ஆனாலும் அம்மா பார்த்த அந்தக் கரை திரும்ப வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். அம்மா கண்ணால் பார்த்தது எனக்கு வெறும் கதை. நான் ஓடி விளையாடியது என் மகளுக்குக் கதை. அப்படியானால் என் பேத்தி அவள் பிள்ளைக்கு என்ன கதை சொல்லுவாள்?

இதைச் சொன்னால், "அந்தக் காலம்தான் நல்ல காலம்" என்று நான் புலம்புவதாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கஷ்டம் எனக்குத் தெரியும். பங்குனியிலிருந்து ஆவணி வரை அப்பா தினமும் மரம் ஏறி இறங்குவார். எந்த நாள் விழுவாரோ என்று அம்மா கும்பிட்டுக்கொண்டே இருப்பாள். காய்ச்சுகிற வேலை அம்மாவுக்கு. புகையில் அவள் கண்ணே மங்கிப்போனது. தம்பியைத் தூக்க ஆள் இல்லை என்று அஞ்சாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். அந்த நிலைமை நம்ம பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்றுதானே வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேர்த்துக் குழு நடத்தினோம்? அதில் ஜெயித்தும் இருக்கிறோம். ஆனால் கஷ்டத்தைத் தூக்கி எறியும்போது, கூடவே சந்தோஷத்தையும் சேர்த்து எறிந்துவிட்டோம். அதுதான் என் வருத்தம்.

இப்போது பேத்திக்கு நான் சொல்லாத பதிலைச் சொல்கிறேன். 2003-இல் மழை இல்லை. மகளைப் படிக்க வைக்கப் பணம் வேண்டும். ஏற ஆளும் கிடைக்கவில்லை. சூளைக்கு மரம் வாங்குகிறவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். எங்கள் பனை 11 மரத்தையும் கொடுத்துவிட்டேன். ஒரு மரத்துக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை. என் பாட்டனார் காலத்து மரங்கள். ஒரே நாளில் சாய்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். மகள் படித்தாள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே மகளின் மகளுக்கு நான் ரோட்டில் காசு கொடுத்து நுங்கு வாங்குகிறேன். யார் மேலே குறை சொல்வது? வெட்டக் கொடுத்தவள் நான்தான்.

கடலுக்கும் இதே கதைதான். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு இருக்கிறது. 1969-இல் அது சுமார் 50 ஏக்கர். 2015-இல் 5 ஏக்கருக்கும் குறைவு. விலாங்குச்சல்லித் தீவு நீருக்குள்ளேயே போய்விட்டது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷமாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாததால் மணல் கரைந்தது. பிறகுதான் வான் தீவைக் காப்பாற்ற, செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்கினார்கள். இருக்கும்போது காப்பது சுலபம். போன பிறகு செய்வது எவ்வளவு பாடு பாருங்கள்!

சரி, நாம் என்ன செய்யலாம்? முத்துச் சிப்பியைத் திரும்பக் கொண்டுவர நம்மால் முடியாது. ஆனால் மூன்று காரியம் நம் கையில் இருக்கிறது.

ஒன்று, பனை விதைப்பது. 2021-இல் தமிழக அரசு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. இருப்பதைக் காக்க அது உதவும். புதிதாக நடுவது நம் வேலை. ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, மழைக்கு முன்னால் குளக்கரையில் பத்தடிக்கு ஒரு விதை போடுவோம். பனை வேர் நேராக ஆழத்துக்குப் போகும். பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். அதனால் விதையாகவே போட வேண்டும். ஆண் பனையா பெண் பனையா என்பது பூக்கும்போதுதான் தெரியும். ஆகவே ஒரு குழு ஒன்றிரண்டோடு நிற்காமல் இருபதாவது போடணும்.

இரண்டு, பிள்ளைகளுக்கு விளையாட நேரம் கொடுப்பது. பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டால் டிவி, செல்போன். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 1989-இலேயே எழுதி வைத்திருக்கிறது. நம்ம நாடும் 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. தினமும் ஒரு மணி நேரம் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் தெருவில் ஓடட்டும். வயசுக்கு வந்த பிள்ளை என்று பூட்டி வைக்காதீர்கள்.

மூன்று, தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது. பாண்டி, தாயம், தட்டாங்கல், ஓலைக் காற்றாடி, நுங்கு வண்டி. இதற்கு வங்கிக் கடன் வேண்டாம், மானியம் வேண்டாம். நம்ம கைக்குத் தெரியும். நம்மோடு போய்விட்டால் அப்புறம் கேட்க ஆள் கிடையாது.

ஒரு விஷயத்தை மறைக்கமாட்டேன். இன்றைக்குப் போட்ட பனை விதை நுங்கு தர 15 வருஷத்துக்கு மேல் ஆகும். "அதுவரைக்கும் நான் இருப்பேனா?" என்று கேட்பீர்கள். நான் இருக்கமாட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டனாரும் தான் குடிக்கவா நட்டார்? குழுவில் சேமிப்புக் கட்டும்போது நாமே செலவழிக்கவா கட்டுகிறோம்? இதுவும் ஒரு சேமிப்புதான்.

போன புரட்டாசியில் நான் 11 விதை போட்டேன். ஏழு முளைத்திருக்கிறது. இன்னும் மண்ணைவிட்டு ஒரு சாண்கூட எழவில்லை. அடுத்த லீவுக்குப் பேத்தி வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வெட்டக் கொடுத்ததையும் சொல்லி, இதையும் காட்டப் போகிறேன்.